சாக்கெட் பொருத்தம்

அன்புசெல்வன் எதையும் சும்மா வாங்கிவிடுகிற ஆள் கிடையாது. கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்குவதற்கு எல்லாக் கடையையும் ஒரு சுற்று சுற்றுவான். கடைசிக் கடைக்கு வரும்போது முதல் கடைக் காய்தான் உசத்தி என்று தோன்றும். திரும்பிப் போனால் அது விற்றுப் போயிருக்கும். வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, அவசரப்பட்டிருந்தால் பூச்சிக்காய்தான் கிடைத்திருக்கும் என்று மனைவிக்கு விளக்கம் சொல்வான். அவள் அதற்குள் முட்டையை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றியிருப்பாள்.

சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஒரு கம்பெனியில் அவன் எலெக்ட்ரீஷியன். வேலையில் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. குறிப்பாகப் பிளக் விஷயத்தில் மகா கறார். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் சொருகுவதற்குக் கன்வர்ட்டர் மாட்டுகிற எவனையும் அவன் மன்னித்ததில்லை. ஒர்க்‌ஷாப்பில் யாராவது அப்படிச் செய்தால் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, சாக்கெட் என்பது சம்சாரம் மாதிரி, பொருந்தாததை வலுக்கட்டாயமாகச் சேர்த்து வைத்தால் ஒருநாள் தீப்பிடிக்கும் என்று பிரசங்கம் செய்வான். சம்சாரத்தைப் பற்றிப் பேச அவனுக்கு என்ன தகுதி என்று கேட்க ஒர்க்‌ஷாப்பில் ஆள் இல்லை.

அவன் கல்யாணமும் கத்திரிக்காய்க் கதைதான். ஒரு கட்டு ஜாதகத்தைப் புரட்டித் தள்ளி, ஒன்றில் ரஜ்ஜு தட்டுகிறது, ஒன்றில் கணம் சேரவில்லை என்று தரம் பிரித்துக்கொண்டே இருந்தான். பள்ளிப்பட்டிலிருந்து பூமிகாவின் ஜாதகம் வந்தபோது பத்தில் ஒன்பது பொருந்தியது. விட்டுப்போன அந்த ஒன்றுக்காக இன்னும் இரண்டு ஜோசியரைப் பார்க்க வேண்டும் என்றான். அவன் அம்மா சோறு தண்ணி இறங்காமல் படுத்துவிட்ட பிறகுதான் தாலி கட்டினான். பெண் வீட்டில் ஒரே ஒரு பொருத்தம்தான் பார்த்தார்கள்: பையனுக்கு நிரந்தர வேலை. அதற்கு மேல் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

பூமிகாவின் அப்பா ஆதிநாராயணன் நெல் விவசாயி. மகள் பிறந்ததிலிருந்து காற்றோட்டத்தில் வளர்ந்தவள், கவரைப்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டின் காங்கிரீட் தளத்துக்குக் கீழே வெந்துபோவாளே என்று சீரோடு ஒரு ஏசி வாங்கித் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை பெருந்தன்மையாக மறுத்தார். ஏசியெல்லாம் தானே பார்த்து வாங்கிக்கொள்வதாகச் சபையில் வாக்குக் கொடுத்தார். மாமனார் அதில் 'வாங்கி' என்ற வார்த்தையை நம்பினார். 'பார்த்து' என்ற வார்த்தையைக் கவனிக்கவில்லை.

வாக்குக்கு அடையாளமாகப் படுக்கையறைச் சுவரில், பீரோவுக்கு மேலே, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஏசி பாயிண்ட் வைத்தான். பெரிய மூணு ஓட்டை சாக்கெட், பெரிய சுவிட்ச், போட்டால் எரிகிற சிவப்பு விளக்கு. தன் கையாலேயே ஒயர் இழுத்தான். பிறகு எத்தனை ஸ்டார், என்ன காயில், எந்தக் கம்பெனி என்று பார்க்க ஆரம்பித்தான். நாலு கோடை போய்விட்டது. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அறையில்தான் பூமிகாவின் தையல் மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். பேன் போட்டால் லைனிங் துணி பறந்துபோகும் என்பதால் பேனை நிறுத்திவிட்டுத்தான் வெட்டவும் தைக்கவும் வேண்டும். யாரோ ஒருத்தியின் பட்டில் தன் வேர்வை சொட்டிவிடக் கூடாது என்று மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தையும் கையையும் துடைத்துத் துடைத்துத் தைப்பாள். சில மத்தியானங்களில் ஸ்டூல் போட்டு ஏறி ஏசி சுவிட்சைத் தட்டி, அந்தச் சிவப்பு விளக்கு எரிவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அவளுக்கு அதில் என்ன சந்தோஷமோ. பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இப்படிப்பட்ட மகானுபாவனுக்குத்தான் கேமிங் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. ஆசை புதிதல்ல. பள்ளிக்கூட நாளில் ரயிலடிப் பக்கம் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், எந்த கேம் ஆடுவது என்று யோசித்தே கொடுத்த நேரத்தைத் தீர்த்துவிட்டு வருகிற பையன் அவன். கம்பெனியில் ரெடிமேடாக விற்பதை வாங்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு பார்ட்டாகத் தேர்ந்தெடுத்து, வீட்டில் வைத்துத் தானே கோக்க வேண்டும். எதையுமே தேர்ந்தெடுக்கத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு வேலை வாய்த்தது விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் படித்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் டப்பா பிரிக்கிற வீடியோக்களைப் பாகவதம் கேட்கிற பக்தியோடு பார்த்தான். கேன்டீனில் அதை எங்கள் ஊர் பாஷைக்கு மாற்றி மற்றவர்களுக்குச் சொன்னான். பிராசஸர்தான் மாப்பிள்ளை, மதர்போர்டுதான் பெண். மாப்பிள்ளை உட்காருகிற இடத்துக்கு சாக்கெட் என்று பேர். அந்த சாக்கெட் பொருத்தம்தான் ரஜ்ஜு. அது தட்டினால் மற்ற ஒன்பதும் இருந்து பிரயோஜனமில்லை. ராம் என்பது வசியம், கிராபிக்ஸ் கார்டு ராசியதிபதி, இத்தனை பேருக்கும் கரெண்ட் போடுகிற பவர் சப்ளை வீட்டுப் பெரியவர். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவன் யோசனையைக் கேட்டு இரண்டு மூன்று பேர் கம்ப்யூட்டர் கோத்து ஆடவும் ஆரம்பித்துவிட்டார்கள். குருநாதர் மட்டும் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது பிராசஸர் வரப்போகிறது என்று ஒரு நாலு மாதம் பொறுத்தான். வந்தது. அதற்கு அடுத்தது வரப்போகிறது என்று தெரிந்ததும் இதை வாங்குவது முட்டாள்தனம் என்று பட்டது. தீபாவளிக்கு விலை இறங்கும் என்று ராமுக்காகக் காத்திருந்தான். அந்த வருஷம் பார்த்துத் தங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ராம் விலை ஏறியது. கோபத்தில் இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்தான். அது இன்னும் ஏறியது.

நியாஸ் அவனோடு வேலை செய்கிற கிரேன் ஆபரேட்டர். பழவேற்காட்டில் அவன் குடும்பத்துக்கு வலையும் கயிறும் விற்கிற கடை உண்டு. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கடையில் நிற்கிற நேரம் வீண் என்று தெரியும். ஒரு லீவு நாளில் ரிச்சி தெருவுக்குப் போய், கேம் ஓட வேண்டும், அவ்வளவுதான் என்று கடைக்காரனிடம் சொன்னான். கொடுத்ததை வாங்கி வந்து கோத்தான். விளக்கு வைப்பதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டான். அன்புசெல்வன் அவன் வீட்டுக்குப் போய் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, பேன் திரும்பியிருக்கிற திசையிலிருந்து ஒயர் மடிந்திருக்கிற மடிப்பு வரை குறை சொன்னான்.

"ஓடுது இல்ல?" என்றான் நியாஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பங்குனி வெயில் ஆரம்பித்த ஒரு நாள், அன்புசெல்வன் பூமிகாவிடம் கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியான கேபினெட் பற்றி அபிப்பிராயம் கேட்டான். கறுப்பா வெள்ளையா, கண்ணாடி ஒரு பக்கமா இரண்டு பக்கமா. அவள் ஒரு கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"இன்னாங்க, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. கத்திரி வெயில் பொறக்கறதுக்குள்ள ஏசியோ கம்ப்யூட்டரோ, ஏதோ ஒண்ணு இந்த ஊட்டுக்குள்ள வரணும். இல்லன்னா நான் மெஷினத் தூக்கிக்கினு எங்க நைனா ஊட்டுக்குப் போயிடுவேன். நீங்க பாத்துக்கினே இருங்க."

ஏதோ ஒன்று என்று அவள் சொன்னது பெரிய மனசு. அவன் அதில் எதை எடுத்துக்கொள்வான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். கட்டினவன் ஒரு தடவையாவது 'ஏசி' என்று சொல்வானா என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். அவன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், அடுத்த நாளே லீவு போட்டு நியாஸையும் இழுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினான்.

ரிச்சி தெருவில் அன்றைக்கு அவனைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிராசஸரையும் போர்டையும் இரண்டு கடையில் வாங்கி, மூன்றாவது கடையில் பொருத்தம் கேட்டான். பெட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நியாஸ் நடைபாதையில் நின்றபடியே இரண்டு சர்பத் குடித்து முடித்தான். கடைசியாகப் பவர் சப்ளை. கடைக்காரர் அவன் வாங்கியிருந்த கிராபிக்ஸ் கார்டைப் பார்த்துவிட்டு நடுத்தரமாக ஒன்றை எடுத்து வைத்தார். நாளைக்குப் பெரிய கார்டு போட்டால் என்ன செய்வது என்று அன்புசெல்வன் அதைத் தள்ளிவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் இருந்த தடித்த பெட்டியைக் கேட்டான்.

"அது பெரிசு சார். ஊட்ல அதுக்குத் தக்க பாயிண்ட் இருக்குதா?" என்றார் கடைக்காரர்.

அன்புசெல்வனுக்கு முகம் சிவந்துவிட்டது. யாரைப் பார்த்து என்ன கேள்வி. தான் சிப்காட்டில் லைசென்ஸ் வைத்திருக்கிற எலெக்ட்ரீஷியன் என்பதையும், தன் வீட்டு ஒயரிங் தன் கையால் செய்தது என்பதையும், சாக்கெட் பற்றித் தனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்பதையும் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டு பில் அடித்தார்.

கோக்கிற நாளுக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்தான். மாமனார் ஆதிநாராயணன் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்தார். ஏதோ பெரிய பொருள் வருகிறது என்று மகள் போனில் சொன்னதை அவர் ஏசி என்று நினைத்துக்கொண்டு வந்ததாகப் பிறகுதான் தெரிந்தது. நியாஸும் வந்திருந்தான். ஹாலில் பாய் விரித்து, எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக வைத்து, அன்புசெல்வன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் கோத்தான். பிராசஸர் சாக்கெட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ராம் டக்கென்று மாட்டிக்கொண்டது. கார்டு, பேன், ஒயர் எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. ஒவ்வொன்றும் பொருந்தும்போது அவன் தலையை நிமிர்த்தி எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான். பூமிகா கண்ணாடிக் கதவின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றான் அவன். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவன் முகத்தில் சந்தேகம் என்பதே இல்லை.

கடைசியாகப் பவர் சப்ளைப் பெட்டியின் அடியிலிருந்து ஒயரை எடுத்தான். நல்ல தடிமனான ஒயர். முனையில் கட்டைவிரல் கனத்துக்கு மூன்று பித்தளைக் காலோடு ஒரு பிளக். ஏசிக்கும் ஹீட்டருக்கும் வருகிற பவர் பிளக்.

ஹாலில் இருந்த பாயிண்ட் சின்னது. செல்போன் சார்ஜரும் டிவியும் சொருகுகிற சாதாரணப் பாயிண்ட். அன்புசெல்வன் பிளக்கைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். மறுபடியும் பிளக்கைப் பார்த்தான். இரண்டு வருஷமாக உலகத்திலுள்ள சாக்கெட்டையெல்லாம் ஆராய்ந்தவன் தன் வீட்டுச் சுவரில் இருந்ததை ஆராயவில்லை. தினம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தும் ஆராயவில்லை. அதைப் போட்டதும் அவன்தான்.

கன்வர்ட்டர் என்ற வார்த்தையை அந்த இடத்தில் சொல்ல நியாஸுக்கே தைரியம் வரவில்லை. ஆனால் வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "அன்பு, இதுக்கு இன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து பூமிகா, டீ எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள். போனவன் டீயோடு வந்து, தட்டில் இருந்த போண்டாவைப் பிட்டுத் தின்றுகொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டான். தன் துக்கத்துக்கு நண்பன் மரியாதை செய்கிறான் என்று அன்புசெல்வன் நினைத்துக்கொண்டான்.

ஆதிநாராயணன்தான் கடலையை உரித்தபடி வழி சொன்னார். "பெரிய பிளக்குதானே மாப்ள? ரூமுல ஏசிக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே. சும்மாத்தானே கெடக்குது, அதுல சொருவுங்க."

ஹாலிலேயே புதுப் பாயிண்ட் ஒன்று இழுத்துவிடலாம் என்றான் அன்புசெல்வன். ஆனால் அதற்கு எத்தனை எம்எம் ஒயர் போடுவது, சுவிட்ச் எந்தக் கம்பெனியில் எடுப்பது, இப்போது புது மாடல் ஒன்று வரப்போவதாகக் கேள்வி என்று தொடங்கினான்.

"வேணாம்," என்றாள் பூமிகா. "ஆரம்பிக்காதீங்க. நைனா சொன்னதே இருக்கட்டும்."

அப்படித்தான் அந்தக் கேமிங் கம்ப்யூட்டர் படுக்கையறைப் பீரோவின் தலையில் ஏறியது. ஒயர் நீளம் அதற்குக் கீழே இறங்கவில்லை. மேலே கேபினெட் வானவில் நிறத்தில் மினுக்க, அதிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ஒயர்கள் தொங்கி, கட்டில் ஓரத்து மேசையிலிருந்த திரைக்கு வந்து சேர்ந்தன. ஏசி சுவிட்சின் சிவப்பு விளக்கு முதல் தடவையாக ஒரு காரியத்துக்காக எரிந்தது. மாமனார் அதை அண்ணாந்து பார்த்தார். ஏசிதான் வந்திருக்கிறது என்று நினைத்துக் கிளம்பி வந்ததாக அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கத்திரி பிறந்தது. அன்புசெல்வன் ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் ஆடினான். அவனுக்குப் பின்னால் மெஷினில் பூமிகா தைத்தாள். பேன் கிடையாது, லைனிங் பறக்கும். மேலே இத்தனை நாள் காத்திருந்து வாங்கிய கார்டும் அத்தனை பேன்களும் அடுப்பு மாதிரி அனலை வெளியே தள்ளின. வீடியோவில் வெள்ளைக்காரன் குளிருக்குச் சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டு ஆடினான் என்பதை அன்புசெல்வன் கவனித்திருக்கவில்லை. பூமிகா துண்டை மாற்றி மாற்றித் துடைத்தாள். அவள் கோபப்படவில்லை என்பதில் அவனுக்குப் பரம திருப்தி. ஏதோ ஒன்று வரணும் என்றாள், வந்துவிட்டது, பாவம் அதற்கு மேல் ஆசையில்லாதவள் என்று நியாஸிடம் பெருமையாகச் சொன்னான். நியாஸ் இருமினான்.

ஒரு மத்தியானம், சண்டை உச்சத்தில் இருக்கும்போது திரை அணைந்தது. கேபினெட்டில் விளக்கும் போய்விட்டது. அன்புசெல்வன் ஸ்டூலில் ஏறி அதைத் தொட்டுப் பார்த்தான். கை சுட்டது. சூடு மீறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்று படித்தது ஞாபகம் வந்தது. அவனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி அதன் தலையைத் தடவினான்.

"பாவம், அதால சூடு தாங்க முடியல. இந்த ரூமுக்கு ஒரு ஏசி போட்டாத்தான் ஆவும்."

மெஷின் சத்தம் நின்றது.

"அதுக்கா?" என்றாள் பூமிகா.

அவன் ஸ்டூலில் நின்றபடி திரும்பினான். அவள் திரும்பவில்லை. முதுகில் ஜாக்கெட் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது. மடியில் யாருடைய பட்டோ வேர்வை படாமல் துண்டின் மேல் பத்திரமாக இருந்தது. நாலு கோடை அவள் இந்த அறையில் உட்கார்ந்திருந்தது, இறங்க வழி தெரியாமல் ஸ்டூலில் நின்ற அந்த நேரத்தில்தான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வேறு எந்த நல்ல பேரும் அதற்குக் கிடையாது.

சட்டையை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனான். கடையில் நுழைந்ததும் வாசலோரம் இருந்த ஏசியைக் காட்டி, இது என்றான். விற்பனைப் பெண் ஸ்டார், காயில், வாரண்டி என்று ஆரம்பித்தாள். அதையெல்லாம் அவளை விட அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டியில் ஏற்றச் சொன்னான். இன்னொரு மாடல் பார்க்கிறீர்களா என்று அவள் கேட்டபோது அவன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏசி மாட்டியாயிற்று. கம்ப்யூட்டர் கீழே இறங்கி ஹாலுக்கு வந்தது. அன்புசெல்வன் அந்தப் பெரிய பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சின்ன பாயிண்டின் எதிரே நின்றான். சரி, புதுப் பாயிண்ட் போட வேண்டியதுதான், ஒயர் எத்தனை எம்எம் என்று அவன் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது.

பூமிகா பீரோவைத் திறந்து, சேலை மடிப்புக்கு அடியிலிருந்து சுருட்டி வைத்த ஒரு கறுப்பு ஒயரை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். ஒரு முனையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மாட்டுகிற அதே அச்சு. மறுமுனையில் சின்ன பிளக். திரைக்கு வருகிற ஒயரும் இதேதான். இதே மாதிரி ஒன்றுதான் இத்தனை நாளாக அவன் கண்ணெதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொருகினான். வானவில் விளக்கு எரிந்தது.

"இது ஏது?"

"நியாஸ் அண்ணன் குடுத்தது. டீ எடுக்க உள்ள வந்தாரே, அன்னிக்கே சொன்னாரு, இந்தக் கார்டுக்கு சின்ன பாயிண்டே தாங்கும், ஒயர மாத்தினா போதும்னு. மறுநாள் நீங்க ஷிப்டுக்குப் போனப்ப கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு."

"அன்னிக்கே தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அது அன்னிக்கே ஹாலுக்கு வந்திருக்கும். ஏசி வந்திருக்குமா?" பூமிகா நெற்றி வேர்வையைக் கடைசியாக ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். "நீங்க மட்டுந்தான் பொருத்தம் பாப்பீங்களா? நானும் பாத்தேன். எதை எங்க வெச்சா உங்களுக்குச் சுடும்னு."

அவள் உள்ளே போனாள். அன்புசெல்வன் எழுந்து பின்னாலேயே போய் வாசலில் நின்றான். அறையிலிருந்து சில்லென்று காற்று முகத்தில் பட்டது.

"குளுரு போவுது," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். ஹாலில் கம்ப்யூட்டர் அனலை இறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.